வில்லங்கம் பார்த்த நிலம்

முதல் நாள்: ஜனவரி 22, 2025, புதன்

தை பிறந்துவிட்டால் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் செருப்பு விடக்கூட இடம் கிடைக்காது. மார்கழி முழுக்க அடக்கிவைத்த ஆசையெல்லாம் ஒரே வாரத்தில் மனையாக மாறும். அந்த வாரத்தில் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு ரயிலேறிய பத்திர எழுத்தர் கும்பகோணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சித்தப்பா போன் செய்திருந்தார். "ஒரு பத்திரம் படிக்கணும்டா. நம்ம ஊர்ப் பத்திரம் இல்ல. நேர்ல வந்தாதான் சரிப்படும்." அவர் எதையும் இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை. அதனால் முதல் முறையே கிளம்பிவிடுவது நல்லது.

மாயவரம், சிதம்பரம், கடலூர் துறைமுகம், அப்புறம் திருப்பாதிரிப்புலியூர். கடலூர் நகரத்துக்குப் போகிறவர் இறங்கவேண்டிய ஸ்டேஷன் இதுதான் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பையன் துறைமுகத்திலேயே மூட்டையோடு இறங்கிவிட்டான். நான் கத்தியது அவன் காதில் விழவில்லை.

சித்தப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். 1780இல் தொடங்கிய படை அது, தலைமையிடம் பெங்களூர். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. முள்வேலியை உடைத்து வழி உண்டாக்க நீளக் குழாயில் வெடிமருந்து அடைத்துத் தள்ளுவார்கள், உலகம் முழுக்க அதற்குப் பெயர் பெங்களூர் டார்பிடோ. 1912இல் இந்தப் படையின் அதிகாரி ஒருவர் செய்ததுதான். படைக்குள் சாப்பர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. சித்தப்பாவுக்கு வயது 67. இன்னும் பெங்களூரிலிருந்து வரும் பழைய அதிகாரிகள் போனில் "ஹலோ தம்பி" என்கிறார்கள், சித்திக்கு அதைக் கேட்டால் சிரிப்பு தாங்காது.

அவர் இலங்கைக்கு இரண்டு முறை போயிருக்கிறார். 1987இல் அமைதிப்படையோடு. அப்புறம் 2010இல், ஓய்வுபெற்ற சாப்பர்களைச் சேர்த்து இந்தியாவிலிருந்து போன கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றில், மன்னார் பக்கம். "முதல் தடவை துப்பாக்கியோட போனேன். ரெண்டாவது தடவை கொத்துக்கரண்டியோட" என்பார்.

மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்ட ஆட்டோ, திரும்பிப்போக ஓரத்துப் புல்லில் ஏறியது. சித்தப்பா முகம் ஒரு நொடி சுருங்கியது. மன்னாரிலிருந்து வந்து இத்தனை வருடம் ஆகியும் தார்ச்சாலையை விட்டு இறங்கும் எதைப் பார்த்தாலும் அவருக்கு அப்படித்தான். "கல்யாணப் பந்தல்லகூட இந்த மனுஷன் கீழ பாத்துத்தான் கால வைப்பார்" என்று சித்தி காபியோடு வந்தார்.

பத்திரம் சனிக்கிழமைதான். அதுவரை என்னை என்ன செய்வது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது.

இரண்டாம் நாள்: ஜனவரி 23, வியாழன்

காலை ஆறு மணிக்கு தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சில் நடைப்பயிற்சிக் கூட்டம். கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம் செயிண்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. கோட்டை என்று சொன்னால் கோட்டைக்கே கோபம் வரும், அவ்வளவுதான் மிச்சம்.

ஆனால் அதன் கிரயக்கதை என் தொழிலுக்கு நெருக்கமானது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடமிருந்து இந்தக் கோட்டையை வாங்கியது. சென்னையில் அப்போது தலைவராக இருந்தவர் எலிஹு யேல், பின்னால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். விலைபேசியது கோட்டையை மட்டும் இல்லை, பெரிய பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நிலமும் சேர்த்தி. நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. 'குண்டு கிராமம்' என்று அவற்றுக்குப் பெயரே நிலைத்துவிட்டது. நான்கெல்லை எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தப் பத்திரத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. வடக்கே குண்டு, தெற்கே குண்டு.

"அந்தக் குண்டு விழுந்தா விழுந்ததுதான். எங்க விழுந்துதுன்னு கண்ணால பாக்கலாம்" என்றார் சித்தப்பா. "நாங்க எடுத்தது அப்படி இல்ல."

வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டதும் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனார். சமையலறைச் சுவரிலிருந்து முருங்கை மரம் வரை, ஒரு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளத்துக்கு இரண்டு கயிறு கட்டியிருந்தார். நேற்று நான் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இரும்பு வாஷர்களைப் புதைத்துவிட்டாராம். எத்தனை என்று சொல்லமாட்டார். என் கையில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னக் கரண்டி, வண்ணம் அடிக்கும் பழைய பிரஷ்.

"மேலேர்ந்து குத்தக்கூடாது. சாய்ச்சு, முப்பது டிகிரி. மேல அழுத்தினாத்தான் அது வெடிக்கும், பக்கவாட்டுல தொட்டா பிழைச்சுக்கலாம். முழங்கால் போட்டு உக்காரு. பாத்த இடத்துக்கும் பாக்காத இடத்துக்கும் நடுவுல இந்தக் குச்சி. உன் முழங்கால் குச்சியைத் தாண்டக்கூடாது. தாண்டினா நீ அவுட்டு."

முதல் பத்து நிமிடம் விளையாட்டாக இருந்தது. விரலகலம் தள்ளி ஒரு குத்து, மறுபடி விரலகலம். 'டிக்' என்று ஏதாவது தட்டினால் நிறுத்தி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி, பிரஷ்ஷால் துடைத்துப் பார்க்கவேண்டும். முதல் 'டிக்' ஒரு கூழாங்கல். இரண்டாவது சோடா மூடி. மூன்றாவது அந்தக் காலத்துச் சதுர ஐந்து பைசா. அதற்கு ஆசைப்பட்டுக் குச்சியைத் தாண்டிவிட்டேன். "அவுட்டு" என்றார் முருங்கை நிழலிலிருந்து.

நிஜமான இடத்தில் முகத்துக்கு முன்னால் கனமான பிளாஸ்டிக் கவசம், மார்புக்கு இன்னொரு கவசம், அந்த வெயில். காலையில் முதல் வேலை, தெரிந்த ஒரு உலோகத் துண்டைக் காட்டி டிடெக்டர் ஒழுங்காகக் கத்துகிறதா என்று பார்ப்பது. பக்கத்தில் மருத்துவ உதவியாளரும் வண்டியும் தயாராக இருந்தால்தான் வேலையே தொடங்கும். டிடெக்டர் கத்தினால் அது வெடியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. பல வருடம் சண்டை நடந்த மண்ணில் தோட்டா ஓடு, ஷெல் சிதறல், தகரம், கம்பி எல்லாம் இருக்கும், எல்லாவற்றுக்கும் அது கத்தும். ஒவ்வொன்றையும் வெடி என்றே நினைத்துத் தோண்டவேண்டும். நூறு முறை ஆணி கிடைத்தபிறகு நூற்றியோராவது முறையும் அதே பயபக்தி வேண்டும். "அதுதாண்டா சம்பளம்" என்றார். "வெடியை எடுக்கிறதுக்கு இல்ல. ஆணியை வெடின்னு நம்புறதுக்கு."

மறுபக்கத் தொல்லை, உலோகமே அதிகம் இல்லாத வெடிகள். இலங்கையில் ராணுவம் நிறையப் புதைத்த பாகிஸ்தான் தயாரிப்பான பி 4 உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே மருந்து சுமார் 30 கிராம். ஆளைக் கொல்வதைவிடப் பாதத்தைப் பறிப்பதே நோக்கம், காயம்பட்டவனைத் தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டுமல்லவா, அந்தக் கணக்கு. புலிகள் செய்த ஜொனி வெடி மரப்பெட்டி, உள்ளே சின்ன பேட்டரி. பெட்டி உளுத்துப்போகும், பேட்டரி செத்துப்போகும், மருந்து மட்டும் அப்படியே இருக்கும். அமைதிப்படைக் காலத்தில் சித்தப்பாவின் கூட்டாளிகள் சிலர் கால் இழந்தது இந்த ஜொனியில்தான். அதைப் பற்றி அவர் அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதனால்தான் யாழ்ப்பாணப் பக்கம் சில இடங்களில் டிடெக்டரை நம்பாமல், நீளக் கைப்பிடி வைத்த பல்வாரியால் மண்ணை மொத்தமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுக்கும் முறையே உண்டானது. 'ரேக்' என்பார்கள். கேட்பதற்குக் குப்பை வாருவதுபோல இருக்கும்.

இரண்டு மணி நேரம் ஆனது. சமையலறைப் பக்கத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் முடித்திருந்தேன். மூன்று வாஷர், இரண்டு ஆணி, ஐந்து பைசா. முழங்கால் கழன்றுவிடும்போல இருந்தது. சித்தப்பா உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"எழுது. இந்த ஒரு மீட்டர்ல இனி ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உன் அத்தை பொண்ணு பேரன் இதுல தவழப்போறான்னு வச்சுக்கோ."

வில்லங்கச் சான்று நான் வருடத்துக்கு ஆயிரம் பார்க்கிறேன். முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்து 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று வந்தால் வாங்குகிறவர் முகம் மலரும். அதில் உள்ள சூட்சுமம் எங்களுக்குத் தெரியும்: தேடிய காலத்துக்குள், அந்த அலுவலகப் பதிவில், இல்லை. முப்பத்தோராவது வருடத்தில் என்ன இருந்தது என்று அந்தத் தாள் சொல்லாது. அதையெல்லாம் தெரிந்துகொண்டே "சுத்தமான சொத்து சார்" என்று சொல்லிப் பழகியவன் நான். கொல்லைப்புறத்தில் ஒரு மீட்டர் மண்ணுக்கு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. அந்த மூலையில், முதல் 'அவுட்டு'க்கு முன்னால், சாய்க்காமல் நேராகக் குத்திக்கொண்டு போனேனோ என்று ஒரு சந்தேகம்.

"எங்களுதுல வருஷக் கணக்கு இல்ல, ஆழக் கணக்கு" என்றார். எவ்வளவு ஆழம் வரை தேடினோம் என்று முதலிலேயே எழுதிவைப்பார்கள். அதற்குக் கீழே இருப்பதற்கு அந்தத் தாள் பொறுப்பில்லை. ஒருவர் தேடி முடித்ததை வேறொருவர் வந்து அங்கங்கே திரும்பத் தோண்டிப் பார்ப்பார். கிடைத்தால் அந்தக் கட்டம் முழுக்க மறுபடி முதலிலிருந்து.

சாயங்காலம் கொல்லையில் பெருச்சாளி ஓடியது. சித்தி விளக்குமாற்றை எடுத்ததும் சித்தப்பா கம்போடியாக் கதையை ஆரம்பித்தார். தான்சானியாவில் பழக்கப்படுத்திக் கொண்டுபோன ஆப்பிரிக்கப் பெரிய எலி, பெயர் மகாவா. வெடிமருந்தை மோப்பம் பிடித்து மண்ணைக் கீறும், எடை குறைவு என்பதால் மிதித்தாலும் வெடிக்காது. ஒரு டென்னிஸ் மைதானத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். டிடெக்டரோடு மனிதனுக்கு அதற்கு நான்கு நாள்வரை ஆகும். பணிக்காலத்தில் 71 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்தது. 2020இல் பிரிட்டனில் அதற்குத் தங்கப்பதக்கமே கொடுத்தார்கள். "எனக்குக்கூடக் கிடைக்கல" என்றார். சித்தி விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

மூன்றாம் நாள்: ஜனவரி 24, வெள்ளி

முழங்கால் வலி. சித்தப்பாவிடமிருந்து தப்பிக்கப் புதுச்சேரி பஸ் ஏறினேன், ஒரு மணி நேரம்தான். கல்லூரி நண்பன் அங்கே இருக்கிறான். அவன் தாத்தா சொல்தா.

இந்தச் சொல்லைப் புதுச்சேரி, காரைக்கால் தாண்டினால் யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர் சொல்தா. பெண் கொடுக்கும்போது சொல்தா வீடு என்றால் தனி மரியாதை. நண்பனின் தாத்தா 1950களின் கடைசியில் அல்ஜீரியாவில் இருந்தார். துனிசிய எல்லையை ஒட்டி பிரெஞ்சுக்காரர்கள் போட்ட மோரிஸ் கோடு பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாராம்: மின்சார வேலி, இரண்டு பக்கமும் கண்ணிவெடி, ராத்திரியில் நரி மாட்டினாலும் சைரன். அவர் போய்ச்சேர்ந்து வருடங்களாகின்றன. அந்த வெடிகள் அவரைவிட நீண்ட ஆயுளோடு இருந்தன. எங்கெங்கே புதைத்தோம் என்ற வரைபடத்தை பிரான்ஸ் அல்ஜீரியாவிடம் கொடுத்தது 2007இல். சுதந்திரம் கிடைத்து 45 வருடம் கழித்து! அல்ஜீரியா தன் மண்ணைச் சுத்தம் செய்து முடித்ததாக அறிவித்தது 2017இல்.

மூலப்பத்திரத்தைப் பங்காளி ஒளித்துவைப்பது எங்கள் தொழிலில் சகஜம். 45 வருடம் ஒளித்துவைத்த பங்காளியை நான் பார்த்ததில்லை.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிர்ப்பக்கம் போர் நினைவுச் சின்னம். 1914 முதல் 1918 வரை போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938இல் திறந்தது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம், பக்கத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் ஜோடி ஒன்று. அந்தப் போர் முடிந்து நூறு வருடம் தாண்டியும் வடக்கு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உழவர்கள் ஏர் ஓட்டும்போதெல்லாம் வெடிக்காத ஷெல்கள் மேலே வருகின்றன. 'இரும்பு அறுவடை' என்று அதற்குப் பெயர். பெல்ஜியத்தில் வயலோரத்துக் கம்பத்தடியில் எடுத்துவைத்துவிட்டுத் தகவல் சொல்வார்களாம், ராணுவம் வந்து எடுத்துப்போகும். வெர்டன் பக்கம் சில காடுகளில் இன்றும் மனிதர் நுழையத் தடை. புதுச்சேரிக்காரன் போய்ச் செத்த மண் இன்னும் சண்டையை முடிக்கவில்லை.

நண்பன் அதைவிட லாவோஸ் கதையில்தான் நின்றான், வேலை விஷயமாக அங்கே போய்வந்தவன். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அங்கே போட்ட கொத்துக்குண்டுகளில் இருந்த சிறுகுண்டுகள் 27 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெடிக்காமலே விழுந்தன என்பது கணக்கு. பந்து அளவுதான் இருக்கும். பந்து என்றே நினைத்துக் குழந்தைகள் எடுக்கிறார்கள். பெரியவர்கள் தெரிந்தே எடுக்கிறார்கள், இரும்பு விலைக்கு. அங்கேயும் காயலான் கடை உண்டல்லவா. குண்டு உலோகத்தை உருக்கிக் கரண்டி வார்க்கும் ஊர் ஒன்று இருக்கிறதாம், அவன் வாங்கிவந்த கரண்டியைக் காட்டினான். ரொம்ப லேசாக இருந்தது. அதில் சர்க்கரை போட்டுத்தான் காபி கலக்கிக் கொடுத்தான். குடித்தேன், ஆனால் கரண்டியை நக்கவில்லை.

நான்காம் நாள்: ஜனவரி 25, சனி

குள்ளஞ்சாவடி வழியாக குறிஞ்சிப்பாடி. சாலை இரண்டு பக்கமும் முந்திரி. ஊருக்குள் நுழையும்போதே தறிச்சத்தம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பக்கத்தில்தான். 2021வரை அகதிகள் முகாம் என்றிருந்தது, பெயரை அரசு மாற்றியது. வீடுகளின் நெருக்கம் அதே நெருக்கம்தான்.

பத்திரத்துக்குச் சொந்தக்கார அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். 1990இல் படகேறி வந்தவர். சித்தப்பாவுக்கு எப்படிப் பழக்கம் என்றால், இவர் மன்னாரில் வேலை பார்த்ததை யாரோ சொல்லி, காணியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்ததாம். பால் இல்லாத தேத்தண்ணீர், கூடவே ஒரு துண்டு சர்க்கரை. பெட்டிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள், அதற்குள் துணிக்குள், உறுதியை எடுத்தார். பத்திரத்தை அவர்கள் உறுதி என்கிறார்கள். எவ்வளவு நல்ல சொல்.

நொத்தாரிசு (நம் ஊர் நோட்டரி) ஒருவர் எழுதியது, 1974. கையெழுத்து மணி மணியாக. ஊர் பளைக்கும் முகமாலைக்கும் நடுவில். பன்னிரண்டு பரப்பு. அவர்கள் கணக்கில் பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். கிழக்கே ஒழுங்கை, வடக்கே அண்ணன் காணி, தெற்கே பூவரசு வேலி, பங்குக் கிணறும் வழி வாய்க்காலும். வாசிக்க வாசிக்க எனக்கு அந்த நொத்தாரிசைப் பார்க்கவேண்டும்போல இருந்தது. தொழில்காரன் எழுத்து தெரிந்துவிடும், ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

"பத்திரம் சுத்தமா இருக்குக்கா. நகல் ஒண்ணு அங்கே பதிவு ஆபீஸ்ல எடுத்துப் பாத்துக்கணும். அங்கத்துச் சட்டம் எனக்குத் தெரியாது" என்றேன்.

"உறுதி இருக்குது தம்பி. காணி இருக்கோ எண்டுதான் தெரியேல்லை."

முகமாலை இரண்டு தரப்பும் எதிரெதிரே வருடக்கணக்கில் நின்ற முன்னரங்கு. 2000இல் ஆனையிறவு ராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபிறகு கோடு அங்கே வந்து நின்றது, 2009 ஜனவரிவரை. இரண்டு பேரும் மாறி மாறிப் புதைத்தார்கள். இலங்கையின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்று அது. ஹலோ டிரஸ்ட், மேக் போன்ற வெளிநாட்டு அமைப்புகள், டேஷ், ஷார்ப் என்ற உள்ளூர் அமைப்புகள், அப்புறம் ராணுவம் என்று பலரும் வடக்கில் வேலை செய்கிறார்கள். கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் 1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தானது, 160க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உண்டு. இலங்கை 2017இல் சேர்ந்தது, 2028க்குள் சுத்தம் செய்து முடிக்கவேண்டும். இந்தியா அதில் இல்லை. அக்கா அதைக் கேட்டபோது சித்தப்பா தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் தங்கை மகள் அங்கேயே இந்த வேலைதான் செய்கிறாள், இரண்டு பிள்ளைகளின் தாய். அந்தப் பக்கம் இந்த வேலையில் பெண்கள் நிறைய. வீடியோவில் வந்தாள். இன்று வேலை இல்லை, கிணற்றடியில் நின்று பேசினாள். விடியும் முன் எழும்பிச் சோறு கட்டி, அவர்கள் 'வான்' என்கிற வேனில் ஏறி, வெயில் ஏறும் முன் பாதி வேலையை முடிக்கவேண்டுமாம். "பயம் இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, எல்லாரும் கேட்பதுதான்.

"முதல் கிழமை இருந்தது அண்ணா. பிறகு முதுகு நோதான். பயப்பிடுறதுக்கு நேரம் இல்லை, இஞ்ச ஒரு துண்டு இரும்பு விடாமல் கிடக்கு." அப்புறம் சித்தப்பாவிடம் தொழில்பேச்சு. எந்த டிடெக்டர், றேக்கா, எத்தனை சதுர மீட்டர். இரண்டு பேரும் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் பேச்சில் ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் கண்ணிவெடி என்கிறோம், அவர்கள் மிதிவெடி என்கிறார்கள். கண்ணி வைத்தவன் பக்கத்திலிருந்து வந்த சொல் ஒன்று, கால் வைத்தவன் பக்கத்திலிருந்து வந்த சொல் இன்னொன்று. இந்தப் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தவனுக்கு முதல் சொல் போதுமாக இருந்திருக்கிறது. 2023இல் உலகம் முழுக்க இந்த வெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் என்று பதிவானது 5,757 பேர், அதில் 84 சதவீதம் பொதுமக்கள். கால் வைத்தவர்கள்.

அக்கா சித்தப்பாவிடம் திரும்பினார். "துப்புரவு செய்தாச்சு எண்டு சேர்டிபிகேற் தந்தால் நம்பலாமோ?"

"நிலத்தை ஒப்படைக்கிற அன்னிக்கு எடுத்தவங்களே அதுல வரிசையா நடந்து காட்டுவாங்க. நானும் நடந்திருக்கேன். நடக்கலாம், நெல்லு போடலாம், மாடு கட்டலாம். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மட்டும் முன்கூட்டிச் சொல்லிட்டுத் தோண்டுங்க. அந்தப் பங்குக் கிணறு இருக்கே, அதுல யாரையும் இறங்க விடாதீங்க. அதைத் தனியாப் பாக்கணும். சண்டை முடிஞ்சு ஓடுறப்போ கையில இருந்ததை எல்லாம் கிணத்துலதான் போட்டுட்டு ஓடியிருப்பாங்க."

அக்கா தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கள் எண்பத்தேழிலயும் வந்தனீங்களோ?" என்றார்.

சித்தப்பா பொய் சொல்லியிருக்கலாம். "வந்தேன்மா" என்றார்.

யாரும் பேசவில்லை. வெளியே யாரோ குடத்தை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தார்கள். அக்கா எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். இரண்டாவது முறை தேத்தண்ணீர் வந்தது. அதில் சித்தப்பாவுக்கு மட்டும் சர்க்கரைத்துண்டு இல்லை, அல்லது தீர்ந்துபோயிருக்கலாம், தெரியவில்லை. குடித்துவிட்டு வந்தோம். பஸ் ஸ்டாண்டு வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

ஐந்தாம் நாள்: ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். சித்தப்பா பதக்கங்களை மாட்டிக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போய்வந்தார். திரும்பி வந்தபோது போனில் அக்காவின் தங்கை மகள் அனுப்பிய குரல்பதிவு. அமெரிக்காவில் புது அரசு வந்ததும் வெளிநாட்டு உதவியை 90 நாளைக்கு நிறுத்திவைத்தது, கண்ணிவெடி அகற்றக் கொடுக்கும் பணமும் அதில் மாட்டிக்கொண்டது என்று செய்தி. "எங்கட சைற் எந்தக் காசில நடக்குது எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறம் அங்கிள். நாளைக்கு வான் வந்தாத்தான் தெரியும்."

சித்தப்பா அதை இரண்டு முறை போட்டுக் கேட்டார். "தொண்ணூறு நாள்ல குச்சியெல்லாம் மழையில சாஞ்சிடும்" என்றார். பார்த்த இடம், பார்க்காத இடம் என்று பிரித்து நட்ட குச்சிகளைச் சொல்கிறார். போன நவம்பரில் அதே நாடு உக்ரைனுக்குக் கண்ணிவெடி கொடுக்கச் சம்மதித்த செய்தியை நான் சொல்லிக்காட்டவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கொல்லைப்புறத்துக் கயிறு அப்படியே இருந்தது. "சரி, இப்பவாவது சொல்லுங்க. எத்தனை வச்சீங்க?"

தலையைச் சொறிந்தார். "காலண்டர் தாள்ல படம் போட்டு, நம்பர் எழுதி, சமையக்கட்டு ஆணியில குத்தி வச்சேன். உங்க சித்தி அதுல கறிவேப்பிலை மடிச்சுப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டா."

"நினைவில்லையா?"

"ஏழு. இல்ல, எட்டு. முருங்கைகிட்ட ரெண்டு வச்சேனா என்னன்னு..."

சித்தி முந்தானையில் வெண்டை விதையை முடிந்துகொண்டு வந்தார். தைப்பட்டம் போய்விடுமாம், இதற்கு மேல் காத்திருக்க முடியாதாம். "வாஷர்தானே? வெண்டைக்கு இரும்புச் சத்து" என்று முருங்கைப் பக்கமே குனிந்து கட்டைவிரலால் குழி போடப்போனார்.

"ஏய், அங்க இல்ல" என்றார் சித்தப்பா. "சமையக்கட்டுப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி. அது இவன் பாத்த இடம்."